முன் சக்கரம் கத்துகிறதா? காது கொடுங்கள்!

என்னடா இது, ரசப்பொடியும் கஷாயமும் சொல்லிக்கொண்டிருந்தவள் இந்த இதழில் கார் பிரேக்கைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சகோதரிகளே. முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள், இது நம்முடைய பக்கத்துக்கு உரிய விஷயமா இல்லையா என்று.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது வீட்டுக்காரர், பழுது பார்ப்பது மெக்கானிக், நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் ஒன்று, இடது பக்க முன் சீட்டு என்னுடையது. உடுமலைப்பேட்டையில் நாங்கள் இந்தச் சின்னக் காரைப் பழையதாக வாங்கிய நாள் முதல் அங்கேதான் உட்கார்ந்து வருகிறேன். இடது முன் சக்கரம் என் காலடியில் இருக்கிறது. அதில் ஏதாவது சத்தம் வந்தால் முதலில் கேட்பது நான்தானே?

2024 பொங்கல் கழிந்த சமயம். உழவர் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வண்டி மெதுவாக உருளுகையில், 'கீச்... கீச்... கீச்...' என்று அணில் கத்துவதைப் போல ஒரு சத்தம். பிரேக்கில் கால் வைத்தால் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது.

"ஏனுங்க, ஏதோ கீச்சுங்குதுங்களே, இந்தப் பக்கத்துல?"

"எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்க. இப்பக்கூட வந்துச்சு."

"நீயா எதையாச்சும் நெனச்சுக்காத. வண்டி நல்லாத்தான் இருக்குது."

இதே பேச்சு மாசியில் இரண்டு தடவை, பங்குனியில் நாலு தடவை. ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்களுக்கு என்னோட பேச்சுன்னாலே எளக்காரம்" என்று சொல்லிவிட்டேன். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டிக்குள் வாய் திறக்கக் கூடாது என்று நானும் அன்று முடிவு செய்துகொண்டேன். சித்திரையில் அந்தக் கீச்சுச் சத்தம் தானாகவே நின்றுபோனது. சரி, நம் மனப்பிரமைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது!

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. என் நாத்தனார் வால்பாறையில் இருக்கிறார். அவர் மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சீர். தாய்மாமன் என்கிற முறையில் இவர்தான் முன்னால் நிற்க வேண்டும். இருபத்தொரு தட்டு வரிசை, பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, மாமியார், மகன், நாங்கள் இருவர் என்று எல்லாம் இந்த ஒரே காரில் போக வேண்டும். கொலுசு வாங்கக் கடைவீதிக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டு அருகில் இவர் பிரேக்கை மிதித்தார். 'கர்ர்ர்ர்...!' கருங்கல்லில் இரும்பை வைத்துத் தேய்த்தது போலச் சத்தம். நடந்து போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது கேக்குது" என்றார் இவர், மெதுவாக.

எங்கள் வாடிக்கை மெக்கானிக் ஊரில் இல்லை, மறுநாள்தான் வருவார். வேறொரு பட்டறைக்குப் போன் போட்டார். "முன்னாடி பேரிங்கா இருக்கும் சார். திங்கக்கெழம கொண்டாங்க. இப்பப் போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. இவரும் தலையாட்டிவிட்டார்.

ஒண்ணும் ஆகாதா? ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரேக்குக்கு அவ்வளவு வேலை இல்லை. இறங்கும்போது? மடியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிற கதைதான். "சத்தம் என்னன்னு தெரியாம நான் வண்டியில ஏற மாட்டேன். அத்தையையும் ஏற விட மாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

நமக்கு உடம்பு சரியில்லை என்று போனால் டாக்டர் என்ன செய்கிறார்? வலி எப்போது வருகிறது, சாப்பிடும் முன்பா பின்பா, படுத்தால் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார் அல்லவா? வண்டிக்கும் அதே வைத்தியம்தான். அன்று மாலை நான், இவர், மகன் மூன்று பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் இருக்கும் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போனோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாட்டையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, நடையை விடச் சற்று வேகமாக மட்டும் ஓட்டினோம். சுவர் பக்கத்தில் இருந்தால் சக்கரத்துச் சத்தம் மோதித் திரும்பி நம் காதுக்குத் தெளிவாக வரும். பிறகு திரும்பி வந்து, வலது பக்கம் சுவர் வருகிற மாதிரியும் ஓட்டிப் பார்த்தோம். மகன் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தான். பிறகு மெக்கானிக்கிடம் விளக்கம் கேட்டு அந்தத் தாளைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. மழைக்கோ, வண்டி கழுவியதற்கோ மறுநாள் காலையில் முதல் நாலைந்து தடவை பிரேக் மிதிக்கும்போது மட்டும் லேசாக உரசி, பிறகு நின்றுவிட்டால், அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. தேய்ந்து போய்விடும். கவலை வேண்டாம்.

2. ஜல்லி ரோட்டில் போய் வந்ததும் திடீரென்று தொடங்கி, பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் 'சர் சர்' என்று உரசிக்கொண்டே இருந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் சிக்கியிருக்கலாம். சில சமயம் வண்டியைப் பின்னால் எடுத்தாலே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுக்க வேண்டும்.

3. வேகம் கூடக்கூட 'ஊம்ம்ம்' என்ற இரைச்சலும் கூடி, ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பும்போது அந்த இரைச்சல் மாறினால், பேரிங் மேல் சந்தேகப்படலாம்.

4. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால், அது சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் ஆக்ஸிலின் மூட்டு.

5. பிரேக்கில் கால் வைத்தால் 'கர்ர்ர்' என்று இரும்பு அரைபட்டு, அந்த அதிர்வு ஓட்டுகிறவரின் பாதத்துக்கும் தெரிந்தால், பிரேக் பேட் தேய்ந்து முடிந்துவிட்டது. வண்டியை அதோடு நிறுத்த வேண்டியதுதான்.

எங்களுக்கு வந்தது ஐந்தாவது. கால் வைத்தால் கத்துகிறது, எடுத்தால் நிற்கிறது. அதுவும் இடது பக்கம் மட்டும். பேரிங்காக இருந்தால் பிரேக்கை மிதிக்காதபோதும் இரையுமே! "பேரிங் இல்லீங்க, இது பிரேக்குத்தான்" என்றேன்.

மகன் விடவில்லை. செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக எட்டிப் பார்த்தான். "அம்மா, பேட் இருக்குதும்மா. நல்லாத் தெரியுது" என்றான். இவர் என்னைப் பார்த்த பார்வையில், 'பார்த்தாயா?' என்றிருந்தது. என்றாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காதுக்குக் கேட்பது ஒன்றாக இருந்தால் இரண்டில் ஏதோ மறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வெள்ளிக்கிழமை காலை வாடிக்கை மெக்கானிக்கிடம் போனில் அந்தத் தாளை அப்படியே படித்தேன். "அக்கா, வண்டிய எடுக்காதீங்க. நானே வர்றேனுங்க" என்று ஜாக்கியும் சாமான்களுமாக வந்துவிட்டார். முதலில் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கியைத் தூக்கினார். அதற்கும் மேலே இரும்பு ஸ்டாண்டு ஒன்றைக் கீழே கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ நீட்டக் கூடாதாம். வீட்டில் யாராவது சக்கரம் மாற்றும்போது நாமும் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

சக்கரம் கழன்றதும் உள்ளே பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு. அதுதான் டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றும். சூடான பாத்திரத்தை நாம் இடுக்கியால் பிடிக்கிறோமே, அதைப் போல அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சாதனத்துக்குக் காலிப்பர் என்று பெயர். இடுக்கியின் இரு தாடைகள் மாதிரி அதற்குள் இரண்டு பேட்கள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு பேடும் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள்தான். புதிதாக இருக்கும்போது அந்தப் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். அதையும் தாண்டி ஓட்டினால், செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து ஆணி தரையில் உரசுகிற மாதிரி, இரும்போடு இரும்பு உரசும்.

வெளிப்பக்கத்துப் பேடைக் கழற்றிக் காட்டினார். அதில் 4 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. மகன் பார்த்தது இதைத்தான். உள்பக்கத்துப் பேடைக் கழற்றினார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. வெறும் இரும்புத் தகடு! ஒட்டியிருந்த பொருள் பொட்டளவும் இல்லை.

"ஏன் தம்பி, ஒண்ணு இருக்குது, ஒண்ணு இல்லையே?"

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளின் காலிப்பரில் உள்பக்கம் மட்டும்தான் தள்ளுகிற பிஸ்டன் உண்டு. அது உள்பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அழுத்தியதும் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் கிரீஸ் வற்றி, துருவேறி இறுகிப் போனால் காலிப்பர் நகராது. உள்பேட் ஒன்றே இரண்டு பேர் வேலையையும் செய்து தேய்ந்து போகும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தியே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற மாதிரி! ஆகவே, வெளியிலிருந்து எட்டிப் பார்த்து "பேட் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உள்பக்கமும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கின் கூட வந்த பையன் காலிப்பரில் படிந்திருந்த கறுப்புத் தூளை வாயால் 'உஃப்' என்று ஊதப் போனான். "கண்ணு, ஊதாதடா" என்று தடுத்தேன். பழைய காலத்துப் பிரேக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேட் என்றாலும் அந்தத் தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல. ஈரத்துணியால் துடைக்கலாம், அதற்கென்று உள்ள திரவத்தைத் தெளித்தும் கழுவலாம்.

டிஸ்க்கைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பழைய கிராமபோன் தட்டு மாதிரி வரிவரியாகப் பள்ளம். எவ்வளவு வரை தேயலாம் என்கிற அளவு டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தார். அந்த அளவுக்கும் கீழே போயிருந்தது. கொஞ்சமாகக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாமாம். இது அந்த நிலையையும் தாண்டிவிட்டது. பேட் மட்டும் மாற்றுகிற காலத்தில் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கு ஆனது. பணம் போனால் போகட்டும். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது.

"இதோட மலையெறங்கியிருந்தீங்கன்னா, அக்கா, இரும்பும் இரும்பும் ஒரசிச் சூடு ஏறிக்கிட்டே போகும். பிரேக் ஆயில் கொதிச்சு அதுல ஆவிக் குமிழி விழும். அப்புறம் மிதிச்சா மிதி பஞ்சு மாதிரி உள்ளபோகும், வண்டி நிக்காது. பேட் இல்லாததால பிஸ்டனும் ரொம்ப வெளிய வந்திருக்குது. இன்னுங் கொஞ்சம் வந்திருந்தா ஆயிலே ஒழுகியிருக்கும்."

நாங்கள் யாரும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மட்டும், "அந்த மூர்த்திதான் காப்பாத்துனான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பிரேக் ஆயில் என்றதும் இவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பங்குனியில் ஆயில் குறைந்திருக்கிறது என்று இவரே டப்பாவில் ஊற்றி நிரப்பியிருக்கிறார். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் மேலே ஆயில் மட்டம் இறங்கும். ஆக, மட்டம் இறங்கினால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போட்டுக்கொள்வதைப் போலத்தான்.

அப்போதுதான் மெக்கானிக் தேய்ந்த பேடைத் திருப்பி, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன மூளித் தகடு ஒன்றைக் காட்டினார். "இது எச்சரிக்கைக்குன்னே வெச்சிருக்கறதுங்க. பேட் தேஞ்சு கடைசிக்கு வர்றப்ப இந்தத் தகடு டிஸ்க்குல பட்டுக் கீச்சு கீச்சுன்னு கத்தும். இதுவும் தேஞ்சு போச்சுன்னா சத்தம் நின்னுரும். மாசக்கணக்குல கத்தியிருக்குமே சார், உங்களுக்குக் கேக்கலையா?"

எல்லாப் பேடிலும் இந்தத் தகடு இருக்காதாம். எங்கள் வண்டியில் இருந்தது. தை முதல் பங்குனி வரை அது கத்தியது. நான் கேட்டேன். இவர் கேட்கவில்லை.

இவர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி அந்தத் தகட்டையே விரலால் நெருடிக்கொண்டிருந்தார். எனக்குள் என்னவோ செய்தது. என் பேச்சை அலட்சியம் செய்கிறார் என்று நான் சண்டை பிடித்தேனே, அவருக்கு நிஜமாகவே அந்தச் சத்தம் கேட்கவில்லையோ? ஒவ்வொன்றாக மனதில் வந்தது. ஜுரம் பார்க்கும் கருவி 'பீப்' என்று அடித்தாலும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகன் பேசினால், "வாய்க்குள்ளயே பேசாதடா" என்பார். டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். இருபத்தைந்து வருஷமாக நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து டிஸ்க் இரண்டும் பேட் செட்டும் பஸ்ஸில் வந்தன. சனிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. இடது பக்கம் மட்டும் போதாதா என்று கேட்டேன். கூடாதாம். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்களைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவினார். முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மிதி கெட்டியாகிறதா என்று பார்த்தார். பேட் மாற்றியதும் இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது.

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும், அதுவரை திடீர்ப் பிரேக் அடிக்கக் கூடாது என்றார். அன்று மாலை மாமியாரின் வேண்டுதலும் நிறைவேறட்டும் என்று திருமூர்த்தி மலைக்கு மெதுவாகப் போய், அமணலிங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். சத்தம் துளி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி வால்பாறை போய்ச் சேர்ந்தோம். சீர் நன்றாக நடந்தது. மாமன் வாங்கி வந்த கொலுசைப் போட்டுக்கொண்டு பெண் நடந்து வந்தாள். "அடி, கலகலன்னு எப்படிக் கேக்குது பாரு!" என்று பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கொலுசுல சத்தம் வருதா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல? "வருதுங்க" என்றேன்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே சின்னக் கியரில் இறங்கினார். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு வந்தார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக் சூடாகாது. மலைப்பாதையில் எத்தனை நல்ல பிரேக் இருந்தாலும் இதுதான் முறை.

ஊர் திரும்பிய வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். முன்பென்றால் "எனக்கென்ன கேடு?" என்று சண்டைக்கு வந்திருப்பார். இந்தத் தடவை அவரே கிளம்பினார். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்துப் பரிசோதனை செய்து, ஆடியோகிராம் என்று ஒரு கோடு போட்ட தாள் கொடுத்தார்கள். தாழ்ந்த ஒலிகளில் கோடு ஏறக்குறையச் சரியாக இருந்தது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதுகளிலும் பள்ளத்தில் விழுந்திருந்தது. ஆலைச் சத்தத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவர்களின் காது முதலில் இந்தக் கீச்சு ஒலிகளைத்தான் இழக்கும் என்றார் டாக்டர். வயதாகும்போதும் மேல் ஸ்தாயியில்தான் முதலில் குறையும். 'கர்ர்ர்' கேட்கும், 'கீச்' கேட்காது. குரல் கேட்கும், ஆனால் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் தேய்ந்து வார்த்தை புரியாது. அதனால்தான் மற்றவர்கள் வாய்க்குள் பேசுவது போலத் தோன்றும்.

இழந்தது திரும்பி வராதாம். இருப்பதைக் காப்பாற்றலாம். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் இருப்பவர்கள் காதடைப்பான் போட வேண்டும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்தச் சத்தம் காதுக்குக் கேடு என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது இவர் வேலை நேரத்தில் காதடைப்பான் இல்லாமல் போவதில்லை. காது கேட்கும் கருவியும் வாங்கிக்கொண்டார். முதலில் கூச்சப்பட்டார். மகன்தான், "கண்ணாடி போட்டுக்கறீங்கல்லப்பா, அது மாதிரி இதுவும்" என்று சமாதானம் செய்தான்.

ஆக, சகோதரிகளே, பிரேக் தன் கடமையைச் செய்துவிட்டது. மாதக்கணக்கில் முன்னெச்சரிக்கை கொடுத்தது. அது கத்திய சுருதி, ஓட்டியவர் காதுக்கு எட்டவில்லை. கேட்ட எனக்கோ அதன் அர்த்தம் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஓட்டுகிறவர் ஐம்பதைத் தாண்டியவரா, ஆலை, பட்டறை, அச்சகம் என்று சத்தத்தில் வேலை செய்கிறவரா? அப்படியானால் வண்டியில் பக்கத்தில் உட்காரும் நீங்கள்தான் காது. இவற்றை நினைவில் வையுங்கள்:

• சத்தம் கேட்டால் எப்போது, எந்தப் பக்கம், பிரேக் மிதித்தாலா மிதிக்காமலா என்று எழுதி வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஏதோ ஒன்றைத்தான் மாற்றுவார்.

• கீச்சுச் சத்தம் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள்.

• ஒவ்வொரு சர்வீஸிலும் நாலு பேடின் கனத்தையும், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும், அளந்து சொல்லச் சொல்லுங்கள். பின்களுக்குக் கிரீஸ் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

• பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதித்துவிடும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எந்த வகை ஆயில் என்று மூடியின் மேலேயே எழுதியிருக்கும். அது காரின் பெயிண்டை அரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

• இரும்பு அரைபடுகிற சத்தம் வந்தால் 'இந்த ஒரு தடவை போய் வந்துவிடலாம்' என்ற பேச்சே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பும்போது, தெருமுனை திரும்பும் வரை இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக உருட்டுகிறார். பாட்டுப் போடுவதில்லை. என் பக்கம் திரும்பி, "ஏதாச்சும் கேக்குதா?" என்கிறார். நான் நன்றாகக் கவனித்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, போலாம்" என்ற பிறகுதான் அடுத்த கியர் போடுகிறார்.

அடுத்த இதழில் வழக்கம்போல் அடுப்படிக்கே திரும்பிவிடுகிறேன்!